பவுஸ்தினா பார்க்காத படம்

முதல் நாள்: வூச்

பெர்லினில் ரயில் நகர்ந்ததுமே பெரியம்மா கைப்பையைத் திறந்து செபமாலை, தட்டை டப்பா, மஃப்ளர் மூன்றையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். தூத்துக்குடியில் 32 வருடம் பள்ளிக்கூட டீச்சர். எங்கே போனாலும் வகுப்புக்குப் போகிற மாதிரிதான் கிளம்புவார். எங்களோடு மூன்று மாதம் இருக்க வந்தவரிடம் பாரிஸா ரோமா என்று கேட்டேன். "அந்தப் படம் பிறந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போ, போதும்" என்றார்.

அந்தப் படம் எது என்று எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் யாரும் கேட்கமாட்டார்கள். இறை இரக்கப் படம்தான்: வெள்ளை அங்கி அணிந்த இயேசு, ஆசீர்வதிக்கும் வலது கை, நெஞ்சைத் தொடும் இடது கை, நெஞ்சிலிருந்து ஒரு பக்கம் சிவப்பும் ஒரு பக்கம் வெளிறிய வெள்ளையுமாக இறங்கும் இரண்டு கதிர்கள். கீழே 'இயேசுவே, உம்மில் நம்பிக்கை வைக்கிறேன்'. அம்மாவும் பெரியம்மாவும் ஒரே கடையில் ஒரே நாளில் ஆளுக்கொன்று வாங்கினார்கள். மதியம் 3 மணிக்கு அந்தப் படத்துக்கு முன்னால் இறை இரக்கச் செபமாலை சொல்லும்போது வீட்டில் டிவி ஓடக் கூடாது. நான் அந்த நேரத்தில் மொட்டை மாடிக்கு ஓடிவிடுகிற ஜாதி. அதையும் சொல்லிவிடுகிறேன்.

குட்னோ என்ற ஊரில் வண்டி மாறி சாயங்காலம் வூச் வந்து சேர்ந்தோம். வரைபடத்தில் பார்த்தால் லோட்ஸ் என்று படிக்கத் தோன்றும். டிக்கெட் பரிசோதகரிடம் அப்படிச் சொல்லி அவர் முழித்தபிறகுதான் வூச் என்று தெரிந்தது.

இங்கே பெரிய தேவாலயத்துக்கும் முன்னால் நாங்கள் போனது ஒரு பூங்காவுக்கு. இப்போது ஸ்வொவாட்ஸ்கி என்ற கவிஞர் பெயரில் இருக்கிறது. 1924இல் இதற்கு வெனிஸ் பூங்கா என்று பெயர். அந்தப் படம் பிறக்கக் காரணமான, பின்னாளில் பவுஸ்தினா என்று பெயர் பெற்ற ஹெலனா கோவால்ஸ்கா என்ற 18 வயது வீட்டு வேலைக்காரப் பெண் அக்கா தங்கைகளோடு இங்கே நடனத்துக்கு வந்தாள். எல்லோரும் ஆடிக்கொண்டிருக்கும்போது காயங்களோடு இயேசு பக்கத்தில் நிற்பதைக் கண்டதாகவும், இன்னும் எவ்வளவு காலம் என்னைக் காக்க வைப்பாய் என்று அவர் கேட்டதாகவும் பிற்பாடு தன் நாட்குறிப்பில் எழுதினாள். அதே இடத்தில் இன்னொரு விவரமும் எழுதியிருக்கிறாள்: முகம் மாறியதை யாரும் கண்டுபிடிக்கக் கூடாதென்று தலைவலி என்று சொல்லி உட்கார்ந்துகொண்டாளாம். அப்புறம் யாருக்கும் தெரியாமல் நழுவி, புனித ஸ்தனிஸ்லாவ் கோஸ்கா பேராலயத்துக்குப் போய்த் தரையில் விழுந்து செபித்தாள். வார்சாவுக்குப் போ, அங்கே ஒரு மடத்தில் சேர்வாய் என்று கேட்டது. உடுத்தியிருந்த உடையோடு ரயில் ஏறிவிட்டாள்.

பூங்காவில் நாயோடு நடப்பவர்களும் தள்ளுவண்டியில் குழந்தைகளும்தான். பெரியம்மா பெஞ்சில் உட்கார்ந்து தட்டை டப்பாவைத் திறந்தார். "தலைவலின்னு சொல்லிருக்கா பாரு. காட்சி கண்டவங்க கதையில எல்லாம் மயங்கி விழுவாங்க. இவ நம்மள மாதிரி பொய் சொல்லிருக்கா." அந்தத் தலைவலி பெரியம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ராத்திரி வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள்: க்வொகோவியெட்ஸ்

வாடகைக் காரில் போனோம். வழியெல்லாம் அறுவடை முடிந்த வயல்கள், மக்காச்சோளம், அங்கங்கே ஒரு கோழிப்பண்ணை. ஹெலனா 1905 ஆகஸ்ட் 25இல் பிறந்தபோது இது ரஷ்யப் பேரரசின் நிலம். போலந்து என்று ஒரு நாடே வரைபடத்தில் இல்லை. அப்பா ஸ்தனிஸ்வாவ் கொஞ்சம் நிலம் வைத்திருந்த விவசாயி, தச்சரும்கூட. பத்துப் பிள்ளைகளில் இவள் மூன்றாவது.

கல்லால் கட்டிய தாழ்வான வீடு இப்போது அருங்காட்சியகம். அப்பாவின் தச்சுப் பட்டறையும் வீட்டுக்குள்ளேயே. பெண் பிள்ளைகளுக்கு நல்ல உடை ஒன்றுதான் இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஒருத்தி போட்டுக்கொண்டு போய்த் திரும்பியதும் அடுத்தவள் போட்டுக்கொண்டு போவாள். முறை வராத ஞாயிறுகளில் ஹெலனா ஒரு மூலையில் உட்கார்ந்து செபப் புத்தகத்தை வைத்துக்கொள்வாள் என்கிறார்கள். ஞானஸ்நானம் பெற்ற புனித கசிமிர் கோவில் பக்கத்து ஊரான ஷ்வினிட்சேயில் இருக்கிறது. அங்கே பூசை நடந்துகொண்டிருந்ததால் பின்வரிசையில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தோம்.

பெரியம்மாவை உலுக்கியது வேறு ஒன்று. ஹெலனா பள்ளிக்கூடம் போனது மூன்று வருடத்துக்கும் குறைவு. பிறகு சின்னப் பிள்ளைகளுக்கு இடமில்லை என்று பெரிய பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். பின்னாளில் அவள் எழுதிய நாட்குறிப்பு ஆறு நோட்டுப் புத்தகம். எழுத்துப்பிழை ஏகப்பட்டது. காதில் விழுந்தபடி எழுதினாள்.

"மூணு வருஷப் படிப்புக்கு ஆறு நோட்டு" என்று கணக்குப் போட்டார் பெரியம்மா. "என் வகுப்புல எத்தனை பிள்ளைகளுக்குப் பிழைக்கு மார்க் கொறச்சேன் தெரியுமா?" அதற்கு என்ன பதில் சொல்வது? காரில் ஏறிக்கொண்டோம்.

மதியச் சாப்பாடு உருளைக்கிழங்கு. நேற்று ராத்திரியும் அதுதான்.

மூன்றாம் நாள்: ப்வோட்ஸ்க்

வார்சாவை நாங்கள் தாண்டிப் போகிறோம், ஆனால் கதை தாண்ட முடியாது. வார்சாவுக்கு வந்த ஹெலனாவைப் பல மடங்கள் வாசலோடு திருப்பி அனுப்பின. ஜித்னியா தெருவில் இரக்கத்தின் அன்னை சகோதரிகள் சபையின் கதவைத் திறந்த தலைவிக்கும் அவளைப் பார்த்துப் பெரிய அபிப்பிராயம் ஒன்றும் வரவில்லை. இந்த வீட்டின் ஆண்டவரிடம் போய்க் கேள் என்று சிற்றாலயத்துக்கு அனுப்பினார். ஏற்றுக்கொள்கிறேன் என்று பதில் வந்ததாக ஹெலனா திரும்பி வந்து சொன்னாள். சரி, ஆனால் மடத்துக்குக் கொண்டுவரும் பணம்? அதற்காக ஒரு வருடம் ஒரு வீட்டில் ஆயா வேலை பார்த்துச் சேர்த்துக்கொண்டு 1925 ஆகஸ்ட் 1இல் உள்ளே போனாள். சகோதரி மரிய பவுஸ்தினா ஆனாள்.

இந்தச் சபையில் அப்போது இரண்டு வரிசை. படித்த சகோதரிகள் முதல் வரிசை, சபையின் இல்லங்களில் இருந்த பெண்களுக்குப் பாடம் சொல்வார்கள். படிக்காதவர்கள் இரண்டாம் வரிசை, அடுக்களை, தோட்டம், வாசல் காவல் எல்லாம் அவர்களுடையது. பவுஸ்தினா கடைசிவரை இரண்டாம் வரிசைதான்.

ப்வோட்ஸ்க் விஸ்துலா ஆற்றின் உயரமான கரைமேல் உட்கார்ந்திருக்கும் பழைய நகரம். பேராலயத்தில் போலந்தின் பழைய ஆட்சியாளர்கள் இருவரின் கல்லறை இருக்கிறது. அதைப் பார்க்கலாமா என்றேன். "ராசாவ அப்புறம் பாக்கலாம்" என்று பழைய சந்தைச் சதுக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். சகோதரிகளின் வீடு அங்கேதான். பவுஸ்தினா இங்கே ரொட்டி அடுப்பிலும் ரொட்டிக் கடையிலும் வேலை செய்தாள். அதாவது ஊர்க்காரர்களுக்கு அவள் ரொட்டி எடுத்துக் கொடுக்கும் சிஸ்டர்.

1931 பிப்ரவரி 22, தவக்காலத்தின் முதல் ஞாயிறு. ராத்திரி தன் அறையில் வெள்ளை அங்கி அணிந்த இயேசுவைக் கண்டாள். ஒரு கை ஆசீர்வதிக்க, இன்னொரு கை நெஞ்சில் அங்கியைத் தொட, அங்கிருந்து இரண்டு கதிர்கள். நீ காணும் இந்த உருவத்தைப் படமாக வரை, கீழே 'இயேசுவே, உம்மில் நம்பிக்கை வைக்கிறேன்' என்று எழுது என்று குரல் கேட்டது.

அவளுக்கு வரையத் தெரியாது. பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்ட குருவிடம் சொன்னாள். உன் ஆன்மாவில் வரைந்துகொள் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்றார் அவர். நல்ல பதில்தான், பிரச்சினை முடிந்தது என்று நினைத்திருப்பார். அவள் வெளியே வந்ததும் மறுபடி குரல்: ஆன்மாவில் என் உருவம் ஏற்கெனவே இருக்கிறது, தூரிகையால் வரையச் சொன்னேன், அதை ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு மந்திரிக்க (ஆசீர்வதிக்க) வேண்டும், அந்த ஞாயிறு இரக்கத்தின் திருநாளாக இருக்க வேண்டும். மூன்று வருடப் படிப்பு, ரொட்டிக் கடை வேலை, உலகத் திருச்சபைக்கே ஒரு புதுத் திருநாள் வேண்டும் என்ற செய்தி. மடத்துத் தலைவி அடையாளம் கேட்டதில் எனக்குத் தப்பே தெரியவில்லை. நானாக இருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பேன். (அதுவும் நடந்தது. வில்னியஸ் வரட்டும்.)

காட்சி நடந்த இடத்தில் பெரியம்மா ஒரு மணிநேரம் முழங்காலில் இருந்தார். முழங்கால் வலிக்கான தைலம் என் பையில்தான் இருந்தது. நான் வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள்: ரயில்

வார்சாவிலிருந்து வில்னியஸுக்கு ஒரு முழுப் பகல். எல்லை தாண்டி மொக்காவா என்ற சின்ன நிலையத்தில் எல்லோரும் இறங்கி எதிர் நடைமேடையில் நிற்கும் லித்துவேனிய வண்டிக்கு மாற வேண்டும். போலந்துத் தண்டவாள அகலம் 1435 மில்லிமீட்டர், லித்துவேனியாவில் ரஷ்யர் காலத்து 1520. 85 மில்லிமீட்டருக்காக 23 கிலோ பெட்டியைத் தூக்கினேன்.

வழியில் பியாவிஸ்டோக் நகரம். நின்ற சில நிமிடங்களில் பெரியம்மா சன்னலைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். குரு மிக்கேல் சோபோச்கோவின் கல்லறை இந்த ஊரில். வில்னியஸில் பவுஸ்தினாவின் பாவசங்கீர்த்தனக் குரு அவர், பல்கலைக்கழகப் பேராசிரியர். இந்த பக்தியின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் அவர்தான். காட்சி கண்டவர் அவர் இல்லை, கண்டதைச் சொன்னவளை நம்ப வேண்டிய கட்டாயம் அவருக்கு. பவுஸ்தினாவின் வாழ்க்கை 33 வருடத்தில் முடிந்தது. அவர் அதற்குப் பிறகு 36 வருடத்துக்கும் மேல் இந்த வேலையைச் சுமந்தார். 1942இல் ஜெர்மானியர் வில்னியஸ் குருமடத்துப் பேராசிரியர்களைக் கைது செய்தபோது தப்பி, வேறு பெயரில், ஊருக்கு வெளியே இரண்டரை வருடம் தச்சராக ஒளிந்திருந்தார். பவுஸ்தினாவின் அப்பா செய்த அதே வேலை.

ஐந்தாம் நாள்: வில்னியஸ்

பதிவு செய்திருந்த அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு, ராத்திரி 10 மணிக்கு வேறு தெருவில் நான்காவது மாடி அறையைக் காட்டினார்கள். லிஃப்ட் கிடையாது. பெரியம்மா ஒவ்வொரு மாடியிலும் நின்று ஒரு அருள்நிறை மரியே சொன்னார். எனக்குக் கெட்ட வார்த்தைதான் வந்தது.

காலையில் தொமினிகோனு தெரு. இரண்டு கோவில்கள் கிட்டத்தில்: பரிசுத்த ஆவி கோவில் பெரிது, அலங்காரமானது. கொஞ்சம் தள்ளி சின்னதாக இறை இரக்கத் திருத்தலம். உள்ளே நற்கருணை வைத்து இரவும் பகலும் ஆராதனை. யாரும் பேசுவதில்லை. பீடத்துக்கு மேலே அசல் படம்.

பெரியம்மா முன்வரிசை வரை போய் நின்றார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். என் காதருகே வந்து, "ஏல, இது நம்ம படம் இல்லையே" என்றார்.

இல்லைதான். நம் வீட்டுப் படத்தில் இயேசு நேராக நம்மைப் பார்ப்பார், நிறமெல்லாம் பளிச்சென்று இருக்கும். இங்கே பின்னணி முழுக்க இருட்டு. கதிர்கள் மெல்லிசாக, அந்தப் பக்கம் தெரிகிற அளவு நிறத்தில் இறங்குகின்றன. கண்கள் நம்மைப் பார்க்கவில்லை, தாழ்ந்திருக்கின்றன. சிலுவையிலிருந்து பார்க்கும் பார்வை அது என்று இயேசு சொன்னதாக பவுஸ்தினா எழுதியிருக்கிறாள். இவர் ஒல்லியானவர். முகம் கொஞ்சம் களைத்திருக்கிறது.

பெரியம்மா ஏமாந்துபோனார். இவ்வளவு தூரம், இவ்வளவு உருளைக்கிழங்கு. வெளியே வந்து திண்ணை மாதிரி ஒன்றில் உட்கார்ந்தபிறகு நான் படித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

1934 ஜனவரியில் சோபோச்கோ தன் வீட்டுக் கட்டடத்திலேயே இருந்த எவ்கெனியுஷ் கசிமிரோவ்ஸ்கி என்ற ஓவியரிடம் வேலையை ஒப்படைத்தார். பவுஸ்தினா மடத்துத் தலைவியோடு வந்துவந்து கை இன்னும் கீழே, கதிர் இப்படி இல்லை என்று திருத்தம் சொல்வாள். ஓவியர் அங்கியின் மடிப்பைப் பார்ப்பதற்காக சோபோச்கோவே வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு நின்றார் என்கிறார்கள். ஆறு மாதம் ஓடியது. முடிந்ததைப் பார்த்து பவுஸ்தினா சிற்றாலயத்துக்குப் போய் அழுதாள். நீர் எவ்வளவு அழகோ அவ்வளவு அழகாக உம்மை யாரால் வரைய முடியும் என்றாள். நிறத்தின் அழகிலோ தூரிகையின் அழகிலோ இல்லை இந்தப் படத்தின் பெருமை, என் அருளில் இருக்கிறது என்பது கிடைத்த பதில்.

"அப்போ அவளுக்கும் பிடிக்கல" என்றார் பெரியம்மா. முகம் கொஞ்சம் தெளிந்தது.

அந்தப் படம் பட்ட பாட்டைக் கேளுங்கள். முதலில் பெர்னார்தின் சகோதரிகள் மடத்தில் ஓர் இருட்டு நடைபாதையில் மாட்டினார்கள், ஏனென்றால் கோவிலில் வைக்க சோபோச்கோவுக்கு அனுமதி இல்லை. 1935 ஏப்ரல் 26 முதல் 28 வரை, ஊர் வாசலான ஓஸ்த்ரா பிராமாவின் மாடத்துச் சன்னலில் முதல்முறை மக்கள் பார்க்க வைத்தார்கள். 28ஆம் தேதி ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. 1937இல் புனித மிக்கேல் கோவிலுக்குள் போனது. 1948இல் சோவியத் அரசு அந்தக் கோவிலை மூடியது. 1951இல் ஒரு போலந்துப் பெண்ணும் ஒரு லித்துவேனியப் பெண்ணும் அங்கிருந்த வேலையாளுக்குப் பணம் கொடுத்துப் படத்தை வாங்கி, சுருட்டிப் பரணில் ஒளித்துவைத்தார்கள். 1956இல் பெலாரஸில் நோவா ரூடா என்ற கிராமத்து மரக் கோவிலுக்குப் போனது. 1970இல் அந்தக் கோவிலும் மூடப்பட்டது. சாமான்களை எடுத்துப் போனவர்கள் உயரத்தில் இருந்த இந்தப் படத்தை ஏனோ விட்டுவிட்டார்கள். பாழடைந்த கோவிலில் அது தொங்க, கிராமத்து ஆட்கள் வந்து செபம் சொல்லிவிட்டுப் போனார்கள். 1986இல் ஒரு ராத்திரி, அதே அளவில் ஒரு நகலை அங்கே மாட்டிவிட்டு அசலை எடுத்துக்கொண்டு வில்னியஸ் வந்தார்கள். பரிசுத்த ஆவி கோவிலில் வைத்தார்கள். 2003இல் சுத்தம் செய்து பழைய பூச்சுகளை நீக்கினார்கள், 2005இல் இந்தச் சின்னக் கோவிலுக்கு மாற்றினார்கள். அதற்கும் ஒரு சண்டை. பரிசுத்த ஆவி கோவிலின் போலந்து மொழிக்காரர்கள் விடமாட்டோம் என்றார்கள். படம் இரக்கத்தின் படம், ஆனாலும் எங்கள் கோவில் உங்கள் கோவில் என்பது எல்லா ஊரிலும் உண்டு. தேர் எந்தத் தெருவில் திரும்பும் என்று அடித்துக்கொண்ட ஊரிலிருந்து வந்தவன் நான், சிரிக்க எனக்கு உரிமையில்லை.

3 மணிக்கு பெரியம்மா மறுபடி உள்ளே போனார். இந்த முறை நானும் போய் உட்கார்ந்தேன். மொட்டை மாடி எதுவும் பக்கத்தில் இல்லை.

ஆறாம் நாள்: மர வீடு

பவுஸ்தினா 1933 மே மாதத்திலிருந்து 1936 மார்ச் வரை இங்கே தோட்டக்காரி. மடத்துக்குச் சொந்தமாகச் சின்னச் சின்ன மர வீடுகள் நிறைய இருந்தன. மிஞ்சியது ஒன்று. கிரீபோ தெருவில் நவீனக் கட்டடங்களுக்கு நடுவே அதைத் தேடிக் கண்டுபிடிக்க அரைமணி ஆனது.

பெரியம்மா தினமும் சொல்லும் செபமாலை இந்த இடத்தில்தான் பிறந்தது. 1935 செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை. தண்டிக்க வந்த வானதூதரைக் கண்டு பயந்துபோன பவுஸ்தினாவுக்கு மனதுக்குள் சில வார்த்தைகள் கேட்டன. அதைச் சொன்னதும் தூதரின் கை தளர்ந்தது. மறுநாள் காலை சிற்றாலயத்துக்குள் நுழையும்போது அதே வார்த்தைகள் முறைப்படுத்தப்பட்டு மறுபடி வந்தன: சாதாரண ஐம்பத்து மூன்று மணி செபமாலையே போதும், பெரிய மணியில் 'நித்திய பிதாவே' என்று தொடங்கும் ஒப்புக்கொடுத்தல், சின்ன மணிகளில் 'எங்கள் பேரிலும் உலகம் முழுவதன் பேரிலும் இரக்கமாயிரும்', கடைசியில் மூன்று முறை 'தூய கடவுளே, தூய எல்லாம் வல்லவரே'. புதுசாக எதையும் வாங்க வேண்டியதில்லை, கையில் இருக்கும் மாலையே போதும். இந்த பக்தி இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன். 7 நிமிடத்தில் முடிந்துவிடும் என்பது இன்னொரு காரணம். பெரியம்மா இதை ஒத்துக்கொள்ளவில்லை.

டாக்டர் விஷயம் சொல்கிறேன் என்றேன் அல்லவா. சோபோச்கோவும் முதலில் சந்தேகப்பட்டார். ஹெலனா மச்சியெவ்ஸ்கா என்ற மனநல மருத்துவரிடம் பவுஸ்தினாவைப் பரிசோதிக்கச் சொன்னார். மருத்துவர் ஒரு குறையும் இல்லை என்றார். அதற்கப்புறம், கேட்பதற்கு நேரமில்லை, எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு வா என்றார் சோபோச்கோ. நாட்குறிப்பு இப்படித்தான் வந்தது, பாவசங்கீர்த்தன வரிசை நீண்டுபோனதால்! அவர் புனித பூமிக்குப் போயிருந்தபோது அவள் எழுதியதை எரித்துவிட்டாள். எரிக்கச் சொன்னது வானதூதர் என்று நினைத்தாளாம். திரும்பி வந்தவர் மறுபடி எழுது என்றார். அதனால்தான் நாட்குறிப்பின் முதல் பகுதியில் பழையதும் புதியதும் கலந்து கிடக்கின்றன.

ராசு தெருவில் படம் வரைந்த வீட்டையும் பார்த்தோம். சோபோச்கோ தொடங்கிய இரக்கமுள்ள இயேசுவின் சகோதரிகள் இப்போது அங்கே. பக்கத்தில், குணமாக்க முடியாத நோயாளிகளைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் இல்லம். சோபோச்கோ பெயரில். வாசலில் ஒருவர் சக்கர நாற்காலியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். பெரியம்மா அவருக்கு வணக்கம் சொன்னார். அவரும் அதேபோல் கை கூப்பினார்.

கடையில் அசல் படத்தின் அச்சு ஒன்று வாங்கினார். எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டும்."

ஏழாம் நாள்

பயணம். ஒன்றுமில்லை. உருளைக்கிழங்கு அடை, பரவாயில்லாமல் இருந்தது.

எட்டாம் நாள்: கிராக்கவ், வாகியெவ்னிகி

ட்ராமில் இறங்கி மேட்டில் நடந்தால் முதலில் தெரிவது பெரிய பசிலிக்காவும் அதன் 77 மீட்டர் கோபுரமும். 2002 ஆகஸ்ட் 17இல் இரண்டாம் ஜான் பால் அர்ச்சித்தது, கப்பல் மாதிரி வடிவம். நன்றாகத்தான் இருக்கிறது, விமான நிலையத்தின் சாயலும் இருக்கிறது. எங்கள் கால் தானாகப் பக்கத்திலிருந்த பழைய செங்கல் மடத்துக்குத் திரும்பியது. பவுஸ்தினா துறவு உடை பெற்றதும் கடைசி இரண்டு வருடம் இருந்ததும் 1938 அக்டோபர் 5இல் காசநோயால் இறந்ததும் இங்கே.

அடுக்களைக் கதை ஒன்று. நவதுறவியாக (பயிற்சித் துறவியாக) இருந்தபோது உருளைக்கிழங்கு வேகவைத்த பெரிய பானையிலிருந்து வெந்நீரை வடிப்பது அவள் வேலை. பலம் போதாது. பாதிக் கிழங்கு நீரோடு கொட்டிவிடும். ஒளிந்துகொள்ளப் பார்த்தாள். செபத்தில் முறையிட்டாள். அன்று சாயங்காலம் பானையை எளிதாகத் தூக்கி நன்றாக வடித்துவிட்டு மூடியைத் திறந்தால், கிழங்குக்குப் பதில் சிவப்பு ரோஜாக் கொத்துகள். உன் கடின வேலையை இப்படி மாற்றுகிறேன் என்று கேட்டது. இதைச் சொன்னதும் பெரியம்மா ஒரு வாரமாகத் தின்ற கிழங்கை நினைத்து என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

சிற்றாலயத்தின் பக்கபீடத்தில் இருந்தது நம் படம். அதே நேர்ப்பார்வை, அதே நடை. பெரியம்மா சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் நின்றார். வரைந்தவர் அடோல்ஃப் ஹீவா. போரில் குடும்பம் பிழைத்ததற்கு நேர்த்திக்கடனாக ஒரு படம் தர வந்தவரிடம், பவுஸ்தினா சொன்ன உருவத்தை வரையச் சொன்னார்கள். 1943இல் வரைந்த முதல் படம் இந்தப் பீடத்துக்கு அளவு சரிப்படவில்லை. இரண்டாவது வரைந்தார். அது 1944 ஏப்ரல் 16இல், ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு மந்திரிக்கப்பட்டது. முதலில் பின்னால் புல்வெளியும் செடிகளும் இருந்தன. 1954இல் அவரே அதை இருட்டாக மாற்றி, காலுக்குக் கீழே தரை வரைந்தார். படத்தின் கீழே பவுஸ்தினாவின் எலும்புகள் உள்ள பேழை.

"அப்போ இந்தப் படத்த அவ பாக்கவே இல்லையா?"

"அவங்க செத்து ஆறு வருஷம் கழிச்சு வரைஞ்சது பெரியம்மா."

உலகம் முழுக்கச் சுவரில் தொங்கும் முகம் இது. அவளுக்குத் தெரியாத முகம். அவள் அழுத முகம் ஒரு பரணிலும் பூட்டிய கோவிலிலும் கிடந்தபோது இது வீடு வீடாகப் போனது.

இதுவும் சும்மா போய்விடவில்லை. 1959 மார்ச் 6இல் திருச்சபையின் போதனைகளைக் கண்காணிக்கும் ரோமின் திருஅலுவலகம் பவுஸ்தினா சொன்ன வடிவில் இந்தப் படங்களையும் எழுத்துகளையும் பரப்பக் கூடாதென்று அறிவித்தது. பிழை மலிந்த நோட்டுகள், அதைவிடப் பிழையான பிரதிகளும் மொழிபெயர்ப்புகளும் ரோமுக்குப் போயிருந்தன. பல கோவில்களிலிருந்து படத்தை எடுத்தார்கள். சோபோச்கோவுக்குக் கண்டிப்பு வந்தது. வாகியெவ்னிகியில் மட்டும் படத்தை எடுக்க வேண்டாம், வருகிற மக்கள் செபிக்கட்டும் என்றார் அப்போதைய பேராயர் பாசியாக். இந்த வேலை முழுக்க அழிந்ததுபோல் ஒரு காலம் வரும் என்று பவுஸ்தினாவே எழுதி வைத்திருந்தாள்.

1965இல் பவுஸ்தினாவின் புனிதர் பட்டத்துக்கான விசாரணை தொடங்கியது. தொடங்கி வைத்தவர் பேராயர் கரோல் வோய்த்திவா. போர்க்காலத்தில் பக்கத்திலிருந்த சோல்வே ஆலையில் மரச் செருப்புப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன அதே ஆள். நாட்குறிப்பைச் சரியாகப் படியெடுத்தார்கள், இறையியலாளர் இக்னாட்சி ரூஷிட்ஸ்கி வருடக்கணக்கில் ஆராய்ந்தார். 1978 ஏப்ரல் 15இல் தடை நீங்கியது. அதே வருடம் அக்டோபரில் வோய்த்திவா திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஆனார். 2000 ஏப்ரல் 30இல் பவுஸ்தினாவுக்குப் புனிதர் பட்டம், இறை இரக்க ஞாயிறு உலகத் திருச்சபைக்கே திருநாள். சோபோச்கோ 1975 பிப்ரவரி 15இல் இறந்துவிட்டார். தடை நீங்குவதற்கு மூன்று வருடம் முன்னால்.

நான் இதைச் சொல்லி முடித்தபோது பெரியம்மா பேசவில்லை. 3 மணி ஆகிவிட்டது. கூட்டம் போலந்து மொழியில் ஆரம்பித்தது. பெரியம்மா தமிழில் சேர்ந்துகொண்டார், ராகம் எப்படியோ ஒத்துப்போனது. செபமாலையின் மூன்றாவது பத்து மணிகளில் எனக்கும் வாய் அசைந்தது. சின்ன வயதில் மாடியிலிருந்து காதில் விழுந்தது மனப்பாடமாகத்தான் இருக்கிறது.

ஒன்பதாம் நாள்: திரும்பும் வண்டி

எதிர் இருக்கையில் இரண்டு அட்டைக் குழாய்கள். ஒன்றில் வில்னியஸ் படம், ஒன்றில் ஹீவா படத்தின் புது அச்சு. வீட்டில் ஹீவா படம் ஏற்கெனவே இருக்கிறதே என்றேன். "அது உனக்கு. பெர்லின் வீட்டுல ஒண்ணும் இல்ல, சுவரு மொட்டையா கிடக்கு."

அப்போ வில்னியஸ் படம்?

"அது அடுக்களைக்கு. அவ அங்கதான இருந்தா."

இப்போது போஸ்னான் தாண்டி வண்டி போகிறது. பெரியம்மா தூத்துக்குடியில் இருக்கும் என் தங்கைக்கு வீடியோ கால் போட்டு, கிரைண்டருக்கு மேலே இருக்கும் ஆணி பலமாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.